இலாபமும் உண்மை இலாபமும்

ஆண்டறிக்கையில் இலாபத் தொகையைக் கண்டு மகிழ்வது இயல்பு. ஆயினும், அந்த இலாபத்தை ஈட்ட எவ்வளவு முதல் இடப்பட்டது என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

இக்கேள்வி தோட்டத் தொழிலாளர்க்குப் புறம்பானதன்று. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், 1960ஆம் ஆண்டு, துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர் தம் சிறுசேமிப்பைக் கொண்டு அதன் பங்குதாரர் ஆயினர். பங்குதாரர்க்குக் கணக்கைப் படிக்கவும் தெரிந்திருத்தல் நலம்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு கூட்டுறவுத் தோட்டத்தில் 10 இலட்சம் வெள்ளி முதலிடப்பட்டுள்ளது எனக் கொள்வோம். அதில் 4 இலட்சம் வங்கிக் கடன். 6 இலட்சம் உறுப்பினரின் பங்குப் பணம். கூலி, உரம், கடன் வட்டி முதலிய செலவுகள் அனைத்தும் போக எஞ்சிய இலாபம் 30,000 வெள்ளி.

இக்கணக்கில் கடனுக்குரிய வட்டி கழிக்கப்பட்டுவிட்டது. பங்குப் பணத்திற்கோ எச்செலவும் எழுதப்படவில்லை. அப்பணம் இனாமாக வந்ததா? இல்லை. ஏறத்தாழ அதே அளவு இடர் உள்ள வேறொரு முதலீட்டில் அது 6 விழுக்காடு ஈட்டியிருக்குமாயின், உறுப்பினர்க்கு 36,000 வெள்ளி கிடைத்திருக்கும். ஆகவே, ஏட்டில் 30,000 வெள்ளி இலாபம். உண்மையில் 6,000 வெள்ளி குறைவு. முதலின் செலவையும் கழித்த பின் எஞ்சுவதே உண்மை இலாபம். பொருளியல் அறிஞர் ஆல்பிரட் மார்ஷல் 1890ஆம் ஆண்டிலேயே இக்கருத்தை விளக்கியுள்ளார்.

ரப்பர்த் தொழிலில் இது மிகவும் இன்றியமையாதது. கன்று நட்டு மரம் பால் வெட்டுக்கு வர ஏறக்குறைய 6 ஆண்டுகள் ஆகின்றன. இன்று நடவுக்குச் செலவிடும் 1,000 வெள்ளி, 6 விழுக்காட்டுக் கூட்டு வட்டியில், அப்போது ஏறத்தாழ 1,419 வெள்ளியாகிவிடும். அத்தொகையையும் மரம் ஈடுசெய்ய வேண்டும்.

எனினும், ஓராண்டுக் குறைவைக் கண்டு மருளலாகாது. ரப்பர் விலை ஏறி இறங்கும் இயல்புடையது. இளங்கன்றுகள் உடனே பலன் தருவதில்லை. பல ஆண்டுக் கணக்குகளை ஒப்பிட்டே முடிவு செய்தல் வேண்டும். குறைவு தொடருமாயின், பொதுக்கூட்டத்தில் அதன் காரணத்தைக் கேட்பது உறுப்பினரின் உரிமை, கடமையுமாகும்.

பயிற்சி: இரு தோட்டங்கள் கடனின்றி நடைபெறுகின்றன. ஒவ்வொன்றின் இலாபமும் 50,000 வெள்ளி. ஒன்றின் முதல் 5 இலட்சம். மற்றதன் முதல் 10 இலட்சம். முதலின் செலவு 6 விழுக்காடாயின், எத்தோட்டம் உண்மை இலாபம் ஈட்டியது?

விடை: முதல் தோட்டத்திற்கு 20,000 வெள்ளி மிகுதி, இரண்டாவதற்கு 10,000 வெள்ளி குறைவு.