பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு

புதுச்சேரி அபிஷேகப்பாக்கத்துப் பிள்ளைகள் பலர் பரீட்சை முடிந்த கையோடு என்னிடம் வந்து உட்காருகிறார்கள். "காலேஜ் போகணும்னு ஆசையா இருக்கு தாத்தா, ஆனா நெனைச்சாலே வயித்த கலக்குது" என்று ஒரே மூச்சில் சொல்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

1. ஆசையும் பயமும் ஒன்றாக வருவது கோளாறு அல்ல. புகுந்த வீட்டுக்குக் கிளம்பும் பெண் சிரித்துக்கொண்டே அழுகிறாள். இரண்டில் எது நிஜம் என்று யாரும் அவளைக் கேட்பதில்லை. நீங்களும் ஒன்றை விரட்டிவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொள்ளப் பார்க்காதீர்கள்.

2. "எதிர்காலம்" என்று மொத்தமாகப் பயந்தால் பிடி கிடைக்காது. ஃபீஸ் கட்ட முடியுமா, இங்கிலீஷில் நடத்தும் பாடம் புரியுமா, ஹாஸ்டலில் தனியாக இருக்க முடியுமா என்று ஒரு நோட்டில் தனித்தனியாக எழுதுங்கள். எழுதியதில் பாதி, செய்ய வேண்டிய வேலையாக மாறிவிடும். தாலுகா ஆபீஸில் சாதிச் சான்றிதழும் குடியிருப்புச் சான்றிதழும் வாங்குவது, புதுச்சேரி மாணவர் சேர்க்கைக்கான சென்டாக் விண்ணப்பத்தைக் கடைசித் தேதிக்கு முன் போடுவது, கல்விக் கடனுக்கு பேங்கில் விசாரிப்பது எல்லாம் அதில் அடங்கும். கட்‑ஆஃப் உங்கள் கையில் இல்லை. அதை எழுதியிருந்தால் நோட்டில் அடித்துவிடுங்கள்.

3. ஒரே கதவின் முன்னால் நிற்காதீர்கள். மருத்துவப் படிப்பையே பாருங்கள். 2024‑இல் நீட் எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். அந்த ஆண்டு நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டின. இந்தக் கணக்கில் இடம் கிடைக்காமல் போனால், அது உங்கள் அறிவுக்குக் கிடைத்த தீர்ப்பாகாது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புதுச்சேரியில் 2023 முதல் மருத்துவப் படிப்பில் 10 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. தகுதி இருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள், அது உங்கள் உரிமை. கூடவே நர்சிங், காரைக்கால் வேளாண் கல்லூரி, தாகூர் கலைக் கல்லூரி என்று மனசுக்குப் பிடித்த இன்னும் மூன்று நான்கு வழிகளையும் பார்த்து வையுங்கள். அவற்றை இரண்டாந்தரம் என்று நினைப்பது பெரியவர்களான எங்களிடமிருந்து உங்களுக்கு ஒட்டிக்கொண்ட தப்பான எண்ணம்.

4. "அந்தக் காலத்தில் எல்லாம் நிச்சயமாக இருந்தது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புதுச்சேரியில் பெரியவர்கள் ரோடியர் மில் என்று சொல்லும் ஏ.எஃப்.டி. துணி ஆலை 1898‑இல் தொடங்கியது. மில் வேலை கிடைத்தால் போதும், ஆயுசுக்கும் கவலையில்லை என்று நினைத்த குடும்பங்கள் எத்தனையோ. 2020 ஏப்ரல் 30‑ஆம் தேதி அது மூடப்பட்டது. எந்தத் தலைமுறைக்கும் எதிர்காலம் முன்கூட்டித் தெரிந்ததில்லை. தெரியாமல்தான் அவர்களும் பிள்ளை பெற்றார்கள், வீடு கட்டினார்கள், உங்களைப் படிக்க வைத்தார்கள்.

5. "எவ்ளோ மார்க், அடுத்து என்ன?" என்று கேட்கும் எல்லோருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். "விண்ணப்பம் போட்டிருக்கேன் மாமா" என்பது போதும். ஆனால் மனசுவிட்டுப் பேச ஒருவராவது வேண்டும். அம்மா, டீச்சர், மேலே படிக்கும் அக்கா, யாராக இருந்தாலும் சரி.

6. இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை என்றால் அது வெறும் பரீட்சைக் கவலை என்று விட்டுவிடாதீர்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்பது மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். இன்றைக்கே அந்த எண்ணை போனில் பதிந்து வையுங்கள். பக்கத்தில் இருக்கும் சிநேகிதருக்கும் கொடுங்கள்.