பில்டர் மாற்றினேன், வண்டி கிளம்பவில்லை!

(இரண்டாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)



மலருக்குக் கவிதை ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். எனக்குக் கவிதை வராது. அதனால் நான் செய்த ஒரு தப்பையும், அதில் கற்றுக்கொண்ட பாடத்தையும் எழுதுகிறேன். என்றைக்காவது ராத்திரி பத்து மணிக்கு, கையில் ஸ்பானரோடு நிற்கும்போது உங்களுக்கு உதவும்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா வேன் டிரைவர். வண்டி சொந்தமில்லை, ஓனருடையது. நம் பக்கத்தில் 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி ஆரம்பித்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012-ல் பாரத்பென்ஸ் லாரித் தொழிற்சாலை என்று வரிசையாக வந்தன. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கிற ஒரகடத்தில் ஷிப்ட் மாறும் நேரம் நின்று பார்த்தால் தெரியும், எத்தனை வேன், எத்தனை பஸ் என்று. அதில் ஒன்றுதான் அப்பா ஓட்டுவது. விடிகாலை ஐந்து மணிக்கு ஊரில் எடுத்தால், ஆறு மணி ஷிப்டுக்குக் கம்பெனி வாசலில் இருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா, "டீசல் பில்டர் மாத்தணும், மெக்கானிக் நாளன்னிக்கித்தான் வருவாராம்" என்றார். நான் அப்போதுதான் மூன்றாவது செமஸ்டர் முடித்திருந்தேன். இன்ஜின் பாடத்தில் நல்ல மார்க். "இதுக்கு எதுக்குப்பா மெக்கானிக்? நான் மாத்தறேன்" என்றேன். அப்பா முகத்தில் ஒரு சந்தோஷம். பக்கத்து வீட்டுக்காரரிடம், "பையன் படிக்கிறதே இதுதான்" என்று வேறு சொல்லிவிட்டார்.

பழைய பில்டரைக் கழற்றினேன். புதியதை மாட்டிக் கையால் இறுக்கினேன். செல்ப் அடித்தேன். உடனே ஸ்டார்ட் ஆனது! எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு நிமிஷம் ஓடியிருக்கும். இன்ஜின் இருமியது, குலுங்கியது, நின்றுபோனது. மறுபடி செல்ப் அடித்தேன். சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. விடாமல் அடித்தேன். கடைசியில் பேட்டரியும் இறங்கி 'டக், டக்' என்று சத்தம் மட்டும் வந்தது.

அப்பா வந்து பார்த்தார். திட்டவில்லை. "ஏர் பிடிச்சிக்கிச்சுடா" என்றார்.

நண்பர்களே, இங்கேதான் எனக்கு வெட்கம். இதே விஷயத்தை நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். எரிபொருள் அமைப்பில் காற்று புகுந்தால் என்ன ஆகும் என்று படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறேன். ஆனால் வண்டி எதிரில் நின்றபோது அது ஞாபகத்துக்கே வரவில்லை. அப்பாவுக்கு ஏன் என்று தெரியாது, என்ன என்று தெரிந்தது. எனக்கு ஏன் என்று தெரியும், என்ன என்று தெரியவில்லை.

காற்று ஏன் வண்டியை நிறுத்துகிறது?

பழைய வகை டீசல் இன்ஜினில் நாசில் திறக்கச் சுமார் 200 பார் அழுத்தம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அழுத்தத்தில் டீசல் நூறு பங்கில் ஒரு பங்கு, ஒன்றரைப் பங்குதான் சுருங்கும். ஆகவே பம்பின் பிளஞ்சர் தள்ளிய தள்ளு அப்படியே நாசிலுக்குப் போய்ச் சேரும். காற்று அப்படியில்லை. அது 200 பாருக்கு வர வேண்டுமானால் இருநூறில் ஒரு பங்காகச் சுருங்க வேண்டும். பிளஞ்சரின் சின்ன ஸ்ட்ரோக் முழுவதும் அந்தக் குமிழியை அமுக்குவதிலேயே தீர்ந்துவிடும். நாசில் திறக்காது. டேங்க் நிறைய டீசல் இருந்தும் சிலிண்டருக்கு ஒரு சொட்டு போகாது.

இதில் ஒரு வேடிக்கை. 1897-ல் ஜெர்மனியில் ருடால்ப் டீசல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய இன்ஜினில் எரிபொருளை உள்ளே அடித்ததே அழுத்தப்பட்ட காற்றுதான். 1927-ல் பாஷ் கம்பெனி இன்ஜெக்‌ஷன் பம்பைப் பெருமளவில் தயாரிக்க ஆரம்பித்த பிறகு அந்தக் கம்ப்ரசர் தேவையில்லாமல் போயிற்று. நம் நாட்டில் 1951-ல் பெங்களூரில் ஆரம்பித்த மைக்கோ, இந்தப் பம்பு நாசில்களால்தான் மெக்கானிக்குகளிடம் பேர் வாங்கியது. 2008-ல் அது பாஷ் என்று பெயர் மாறியது. அப்படி எரிபொருளைத் தள்ளிய அதே காற்று, பம்ப் வந்த பிறகு எதிரியாகிவிட்டது.

சரி, முதலில் இரண்டு நிமிஷம் மட்டும் ஏன் ஓடியது? பம்பிலும் பைப்பிலும் மிச்சமிருந்த டீசலில் ஓடியது. அது தீர்ந்ததும் காலி பில்டரில் இருந்த காற்று வந்து சேர்ந்தது. ஆகவே, பில்டர் மாற்றியதும் கொஞ்சம் ஓடி நின்றால் முதல் சந்தேகம் காற்றின் மேல்தான்.

விடிகாலை நடந்தது

நாலு மணிக்கு எழுந்தோம். பக்கத்து வீட்டு டிராக்டர் பேட்டரியைக் கொண்டுவந்து ஒயர் கொடுத்தோம். அப்பா பில்டர் தலையில் இருக்கிற ஹேண்ட் பம்பை அடித்தார், நான் ஏர் ஸ்குருவைத் தளர்த்தினேன். நுரை நுரையாக வந்து, பிறகு சுத்த டீசல் வந்தது. ஸ்டார்ட் ஆனது. ஊர் எல்லை தாண்டவில்லை, மறுபடி நின்றது.

பஸ் ஸ்டாப்பில் காத்திருந்த அக்காமார் பத்துப் பன்னிரண்டு பேர். சிலர் ஷேர் ஆட்டோ பிடித்துப் போனார்கள். சிலர் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஒரு அக்கா, "இந்த மாசம் ஒரு நாளும் லீவு போடல தம்பி, அட்டென்டன்ஸ் காசு போச்சு" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஓனர் போனில், "வண்டியில கை வைக்க யார் சொன்னது?" என்று கேட்டார். அப்பா, "நான்தான் சார் மாத்தினேன்" என்றார். மாற்று வேன் வாடகையை அப்பா சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

எட்டு மணிக்கு ஒரு மெக்கானிக் அண்ணன் வந்தார். ஸ்பானரை எடுக்கவே இல்லை. ஹேண்ட் பம்பை நாலு அடி அடித்துவிட்டு, பில்டர் விளிம்பை விரலால் தடவினார். விரலில் ஈரம். "கழட்டு தம்பி" என்றார். கழற்றினால், பழைய பில்டரின் ரப்பர் ரிங் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் புது ரிங். நான் பார்க்கவே இல்லை.

"பம்ப் அடிச்சா வெளிய கசியும். வண்டி ஓடும்போது காத்தை உள்ள உறிஞ்சும்" என்றார். எங்கள் வேனில் இன்ஜெக்‌ஷன் பம்பே பில்டர் வழியாக டீசலை இழுக்கிறது. ஆகவே ஓடும்போது அங்கே கசிவு இருந்தாலும் ஒரு சொட்டுகூடக் கீழே விழாது. ராத்திரி நான் டார்ச் அடித்து, "எங்கேயும் லீக் இல்லையே" என்று சொன்னது இதனால்தான்.

ஆகவே, வரிசையாக இப்படிப் பாருங்கள்:

1. முதலில் சின்ன விஷயங்கள். டேங்கில் டீசல் இருக்கிறதா, அடைத்த காக்கைத் திறந்தோமா, ஸ்டாப் கேபிள் பழைய இடத்துக்கு வந்ததா, கழற்றிய ஒயர் கனெக்டரை மாட்டினோமா.

2. பழைய ரிங் பழைய பில்டரோடு வந்ததா என்று கையில் எடுத்துப் பாருங்கள். புது ரிங்கில் கொஞ்சம் டீசல் தடவுங்கள். ஓஸ் மாட்டுகிற பில்டர் என்றால் அம்புக்குறி இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும்.

3. பில்டர் ஏர் ஸ்குருவைத் தளர்த்தி ஹேண்ட் பம்ப் அடியுங்கள். குமிழி நின்றதும், அடித்துக்கொண்டே இறுக்குங்கள். பம்பில் ஏர் ஸ்குரு இருந்தால் அங்கேயும் இதே வேலை. கீழே தட்டு வையுங்கள், பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

4. பழைய வகை இன்ஜின் என்றால் மட்டும், நாசில் பைப் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, ஒருவரை செல்ப் அடிக்கச் சொல்லுங்கள். டீசல் வந்ததும் இறுக்குங்கள்.

5. செல்ப் ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். நடுவில் ஒரு நிமிஷம் விடுங்கள். நான் செய்தது போல் அடித்தால் பேட்டரி போகும், செல்ப் மோட்டாரும் சூடாகிக் கெடும்.

6. மறுபடி மறுபடி காற்று வந்தால், டேங்கிலிருந்து பம்ப் வரை ஒவ்வொரு ஜாயின்டாகப் பாருங்கள்: வெடித்த ஓஸ், தளர்ந்த கிளிப், நசுங்கிய செம்பு வாஷர். பம்புக்கு முன்னால் தற்காலிகமாக, டீசல் தாங்கும் கண்ணாடி ஓஸ் ஒன்று போட்டால் குமிழி கண்ணுக்கே தெரியும்.

முக்கியமான எச்சரிக்கை: காமன் ரெயில் வண்டிகளில் நாலாவது வேலையைச் செய்யவே கூடாது. கார் டயரில் சுமார் 2 பார் காற்று. காமன் ரெயிலில் 1,600 பாருக்கு மேலும் போகும். அந்த டீசல் ஊசி போலத் தோலுக்குள் புகும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மின்சார பம்ப் உள்ள வண்டியில், ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை நாலைந்து தடவை ஆன், ஆப் செய்தாலே பெரும்பாலும் டீசல் ஏறிவிடும். புது பில்டரில் கையால் டீசல் ஊற்றுவதும் இவற்றில் ஆபத்து. ஒரு தூசி போனாலும் இன்ஜெக்டர் போய்விடும். வண்டியின் மேனுவல் என்ன சொல்கிறதோ, அதைச் செய்யுங்கள்.

மலர் மூலம் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். நம் ஒர்க்‌ஷாப்பில் வெட்டி வைத்த பம்ப் இருக்கிறது, எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஓடுகிற இன்ஜினில் வேண்டுமென்றே காற்றை விட்டு, அதை எடுக்கும் வேலையை ஒவ்வொருவர் கையாலும் செய்ய ஒரு பிற்பகல் ஏற்பாடு செய்தால் நன்றாக இருக்கும்.

அடுத்த பில்டர் மாற்றும் நாளில் அப்பா என்னையே கூப்பிட்டார். டார்ச்சை அவர் பிடித்துக்கொண்டார். பழைய ரிங்கை எடுத்து முதலில் அவர் கையில் கொடுத்தேன். ஏர் எடுத்து, ஸ்டார்ட் செய்து, கால் மணி நேரம் நிறுத்தாமல் ஓடவிட்டுப் பார்த்தோம். காலையில் ஐந்து மணிக்கு வண்டி கிளம்பியது.

கட்டுரையில் பிழை இருந்தால் ஆசிரியர்களும் சீனியர் அண்ணன்களும் பொறுத்துக்கொண்டு திருத்தவும்.