ஒரே இடம், நான்கு பருவம்: கரிசல் மண்ணில் ஓவிய வகுப்பு

‘இயற்கைக் காட்சி வரைக’ என்றவுடன் பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு மலை, நடுவே சூரியன், ஓர் ஆறு, கரையில் தென்னை, ஒரு குடிசை என்று வரைந்துவிடுகிறார்கள். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரப் பள்ளிகளிலும் இதே படம்தான். வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே நிற்கும் உடைமரமும் அதில் அமர்ந்திருக்கும் கரிச்சானும் தாளுக்கு வருவதே இல்லை. தன் ஊரில் வரைவதற்கு ஒன்றுமில்லை என்று குழந்தை நம்பிவிடுகிறது. ‘தரிசு’ என்று நாம் சொல்லும் நிலத்தில் உயிர்களே இல்லை என்ற எண்ணமும் இப்படித்தான் வேரூன்றுகிறது.

இதே மண்ணில்தான் சி. கொண்டையராஜு (1898–1976) கோவில்பட்டியில் தங்கி ஓவியம் வரைந்தார். அவர் வரைந்த காலண்டர் படங்கள் வீடுதோறும் தொங்கின. எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) தம் இயற்கைக் கட்டுரைகளுக்குத் தாமே கோட்டோவியங்கள் வரைந்தார். நேரில் பார்த்து வரைவதற்கு அவர் நல்ல முன்மாதிரி.

செயல்பாடு

பள்ளிக்கு அருகில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கண்மாய்க் கரையோ புஞ்சை வரப்போ போதும். ஆண்டுக்கு நான்கு முறை அதே இடத்தில் அமர்ந்து, ஒரே நோட்டில் வரையச் செய்யுங்கள். நாள், நேரம், வானிலை ஆகியவற்றைப் படத்தின் ஓரத்தில் குறிக்க வேண்டும்.

ஐப்பசி–மார்கழி: வடகிழக்குப் பருவமழைக் காலம். நனைந்த கரிசல் மிகக் கருமையாகத் தெரியும். முதல் மழைக்குப் பின் சிவந்த தம்பலப்பூச்சி, கண்மாயில் கொக்கு, தவளை.

தை–மாசி: சோளமும் பருத்தியும் நிற்கும். கூட்டமாகச் சூறைக்குருவிகள் வரும். இறக்கைகளை ‘வி’ வடிவில் உயர்த்தித் தாழப் பறக்கும் பூனைப்பருந்தையும் காணலாம். இரண்டும் குளிர்காலத்தில் வெளிநாட்டிலிருந்து வருபவை.

பங்குனி–வைகாசி: நிலம் வெடித்திருக்கும். ஆண் ஓணானின் தலையும் கழுத்தும் சிவக்கும். கோடை விடுமுறைக்கு முன்பே இவ்வகுப்பை முடித்துவிடலாம்.

ஆனி–புரட்டாசி: காற்றுக் காலம். ஆனியில் நீண்ட தோகையுடன் வரைந்த ஆண்மயிலைப் புரட்டாசியில் மீண்டும் வரையச் சொல்லுங்கள். தோகை பெரும்பாலும் உதிர்ந்திருக்கும். ஏன் என்ற கேள்வியை மாணவரே கேட்பார்கள். அறிவியல் பாடம் அங்கே தொடங்குகிறது.

வரையும் முறை

முதல் இரண்டு நிமிடம் பென்சிலைத் தொடாமல் பார்க்க மட்டும் செய்யட்டும். பறவை நிற்காது. எனவே உடலின் முழு வடிவத்தை ஒரே நிமிடத்தில் கோடாக்கப் பழக்குங்கள். அலகு, கால், வால் அடுத்து. வண்ணம் கடைசியில். பறந்துவிட்டால் படம் அரைகுறையாகவே இருக்கட்டும். காணாததை இட்டு நிரப்ப வேண்டாம்.

வண்ணப்பெட்டி வாங்க இயலாத பள்ளியில் மண்ணே வண்ணமாகும். கரிசல் மண்ணையும் செம்மண்ணையும் தனித்தனியே சலித்து, நீரில் கலக்கித் தெளியவிட்டு, அடியில் தங்கும் நுண்ணிய வண்டலை எடுத்துக்கொள்ளுங்கள். கரைத்த கருவேலம்பிசினைச் சேர்த்தால் தாளில் ஒட்டும்.

உயிர்களைப் பிடிக்கவோ கூட்டை நெருங்கவோ கூடாது. மயில், 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது என்பதையும் சொல்லுங்கள்.

மதிப்பீடு

‘அழகாக இருக்கிறதா?’ என்று பார்க்காதீர்கள். ‘நீ எதைப் பார்த்தாய்? படத்தில் அது எங்கே?’ என்று கேளுங்கள். கோடு கோணலாக இருந்தாலும், கொக்கு கழுத்தை மடக்கியிருந்ததைக் கவனித்த குழந்தைக்கே பாராட்டு.

ஆண்டு இறுதியில் நான்கு படங்களையும் வரிசையாக ஒட்டுங்கள். எது வந்தது, எது போனது, எது மாறாமல் இருக்கிறது என்று வகுப்பே பேசட்டும். நோட்டுகளைப் பள்ளி நூலகத்தில் சேர்த்து வையுங்கள். பத்தாண்டுகளுக்குப் பின் அந்தக் கண்மாய் எப்படி இருந்தது என்று யாரேனும் கேட்டால், பதில் சொல்ல அந்த நோட்டுகள் இருக்கும்.