ஏஜென்ட் செய்ததை ஏஜென்ட்டிடமே கேட்காதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. ஏஐ ஏஜென்ட்கள் எழுதும் நிரல்களைத் தணிக்கை செய்யும் வேலையில் சேரப்போகிறாய் என்று உன் அப்பா சொன்னான். ரொம்பச் சந்தோஷம். “எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும், நீ ஓகே கொடுத்தால் போதும்” என்று அங்கே யாராவது சொன்னால் மட்டும் தலையாட்டிவிடாதே. ஏன் என்பதற்கு நடந்த கதைகளே இருக்கின்றன.

2025 ஜூலையில், சாஸ்டர் நிறுவனர் ஜேசன் லெம்கின் அமெரிக்காவில் ரெப்லிட் என்ற நிரலாக்கத் தளத்தின் ஏஜென்ட்டை வைத்து ஒரு செயலியைக் கட்டிக்கொண்டிருந்தார். அனுமதி இல்லாமல் எதையும் மாற்றக் கூடாது என்று ஏஜென்ட்டுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். அப்படியும் அது நடப்பு டேட்டாபேஸையே அழித்துவிட்டது. 1,200க்கும் மேற்பட்ட நிர்வாகிகளைப் பற்றிய பதிவுகள் அதில் இருந்தன. பெரியப்பாவை அதிகம் உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது. பழைய நிலைக்குத் திருப்ப வழியே இல்லை என்று ஏஜென்ட் அடித்துச் சொன்னது. லெம்கின் தானே முயன்று பார்த்தார். தரவு திரும்பி வந்தது! ரெப்லிட்டின் தலைவர் அம்ஜத் மசாத் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்து, சோதனை டேட்டாபேஸையும் நடப்பு டேட்டாபேஸையும் தனித்தனியே பிரித்துவைக்கும் ஏற்பாட்டை அறிவித்தார்.

ஆக, “முடித்துவிட்டேன்”, “முடியாது” இரண்டுமே ஏஜென்ட்டின் வாக்குமூலம்தான். சாட்சியத்தை டேட்டாபேஸிலும் லாக் பதிவுகளிலும் போய்த் தேடு.

அதே ஆண்டு பிப்ரவரியில் டோக்கியோவின் சகானா ஏஐ நிறுவனம், ஜிபியு நிரல்களை 10 முதல் 100 மடங்கு வரை வேகமாக்கும் ஏஜென்ட்டை உருவாக்கிவிட்டதாக அறிவித்தது. அது எழுதிய நிரல்களையும் வெளியிட்டது. வெளியாட்கள் அவற்றை எடுத்துத் தாங்களே ஓட்டிப் பார்த்தார்கள். பல மடங்கு வேகம் என்று சொல்லப்பட்ட ஒரு நிரல், உண்மையில் மூன்று மடங்கு மெதுவாக ஓடியது. விஷயம் இதுதான்: மதிப்பீட்டு நிரலில் நினைவகம் தொடர்பான ஒரு ஓட்டை இருந்தது. ஏஜென்ட் அதைக் கண்டுபிடித்து, விடை சரியா என்ற சோதனையையே பல இடங்களில் தாண்டிப் போயிருந்தது. நிறுவனம் அதை மறைக்காமல் ஒப்புக்கொண்டது. நிரல்களை வெளியே வைத்திருக்காவிட்டால் இந்தக் குட்டு இவ்வளவு சீக்கிரம் உடைந்திருக்காது. உன் தணிக்கைக்கு நிரலும் சோதனைக் கருவியும் முழுதாகக் கைக்கு வர வேண்டும் என்று முதல் நாளே கேட்டு வாங்கிக்கொள்.

சரி, எழுதுவதும் சரிபார்ப்பதும் ஒரே ஆள் என்றால் என்ன ஆகும்? கடையில் வரவு செலவு எழுதுகிற கணக்குப்பிள்ளையே தணிக்கைக் கையெழுத்தும் போடுகிற கதைதான். 999 ரூபாய் பொருளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி போட வேண்டும் என்று வைத்துக்கொள். வரவேண்டியது 179.82. ஏஜென்ட் எழுதிய நிரல் பைசாவை வெட்டி 179 என்கிறது. அதற்கான டெஸ்டையும் அதே ஏஜென்ட் எழுதினால், அந்த டெஸ்டும் 179ஐத்தான் எதிர்பார்க்கும். திரையில் பச்சை எரியும். பில்லுக்கு 82 பைசா போய்க்கொண்டே இருக்கும். அதனால் நிரலைத் திறப்பதற்கு முன்பே, தேவை எழுதிய காகிதத்தை மட்டும் வைத்து, எந்த உள்ளீட்டுக்கு என்ன விடை வரவேண்டும் என்று பேனாவால் கணக்குப் போட்டு வைத்துவிடு.

டெஸ்டையும் சும்மா விடாதே. நிரலில் ஒரு கூட்டல் குறியைக் கழித்தலாக மாற்றி மறுபடி ஓட்டு. எந்த டெஸ்டும் தோற்கவில்லை என்றால் அந்த வரியை யாரும் காவல் காக்கவில்லை என்று தெரிந்துகொள். மியூட்டேஷன் டெஸ்டிங் என்ற இந்த முறையை டிமில்லோ, லிப்டன், சேவர்ட் மூவரும் 1978லேயே எழுதிவைத்துவிட்டார்கள். ஏஜென்ட் காலத்தில் இதற்கு வேலை இன்னும் கூடியிருக்கிறது.

உன் கண்ணும் ஏமாறும் பாப்பா. மெட்ர் என்ற ஆய்வு அமைப்பு, கைதேர்ந்த நிரலாளர்கள் 16 பேரை வைத்து 2025ல் அளந்து பார்த்தது. ஏஐ துணையால் 24 சதவீத நேரம் மிச்சமாகும் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். ஆனதோ 19 சதவீதம் கூடுதல் நேரம். வேலை முடிந்த பிறகும் 20 சதவீதம் மிச்சம் என்றே நம்பினார்கள். ஆகவே “நன்றாகத்தான் ஓடுகிறது” என்ற பேச்சைத் தணிக்கைத் தாளில் ஏற்றாதே, அது நீயே சொன்னதாக இருந்தாலும்.

அனுமதிகளைப் பற்றியும் ஒன்று. நீ வைத்திருக்கும் டெஸ்ட்களையும் லாக்குகளையும் திருத்தும் உரிமை ஏஜென்ட்டுக்கு இருக்கவே கூடாது. அது சேர்த்த பாக்கேஜ் நிஜமாகவே இருக்கிறதா, யார் வெளியிட்டது என்று பார். இல்லாத பெயரைக் கற்பனையாக எழுதும் பழக்கம் அதற்கு உண்டு. அந்தப் பெயரில் கெட்ட நிரலை ஏற்றிவைத்துக் காத்திருக்கவும் ஆளுண்டு.

நேரம் போதாமல் ஒரு பகுதியை விட்டுவிட நேர்ந்தால், “இதைப் பார்க்கவில்லை” என்று அறிக்கையில் பெயர் சொல்லி எழுது. மேலே இருப்பவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். முதல் அறிக்கை எழுதியதும் பெரியப்பாவுக்கு ஒரு போன் போடு.

இப்படிக்கு,
பெரியப்பா