கதவைத் தட்டியவன் எழுதுகிறேன்

கும்பகோணம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கயலுக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். நேற்று ராத்திரி நீ போனில் அழுதபோது எனக்குப் பேச்சே வரவில்லை. சித்தி போனை வாங்கி உன்னைத் தேற்றினாள். நான் எழுந்து திண்ணைக்குப் போய்விட்டேன். உன்மேல் கோபம் என்று நினைத்துவிடாதே. "கோர்ட் அமீனா பேசுறேன், உங்க பேர்ல சம்மன் இருக்கு" என்று அவன் ஆரம்பித்ததுமே கை கால் ஆடிவிட்டது என்றாயே, அதுதான் என்னைத் தைத்தது. முப்பத்தொரு வருஷம் நான் பார்த்த வேலை அது. அந்த வேலையின் பேரைச் சொல்லி ஒருவன் என் அண்ணன் மகளிடமே 18,500 ரூபாயைப் பறித்திருக்கிறான். நேற்று சொல்லாமல் விட்டதை எல்லாம் இதில் எழுதுகிறேன். நிதானமாகப் படி. உன் ஹாஸ்டல் பெண்களுக்கும் படித்துக் காட்டு.

1930-க்குப் போன் செய்து புகாரைப் பதிந்துவிட்டாய் என்று சித்தி சொன்னாள். நல்லது. பணம் போன முதல் சில மணி நேரத்தில் சொன்னால், அது அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கிவைக்க வழி உண்டு. நீ மூன்று நாள் உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டுவிட்டாய். பரவாயில்லை, புகார் வீண்போகாது. அந்தப் புகார் எண்ணை எழுதிவைத்துக்கொள். உன் வங்கிக் கிளைக்கு நேரில் போய் எழுத்து மூலமாகவும் கொடு, நகலில் முத்திரை வாங்கிக்கொள். அவன் அனுப்பிய மெசேஜ், க்யூஆர் கோடு, பேசிய எண்கள் எதையும் அழிக்காதே. பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது என்றாய். புரிகிறது. ஆனால் நாளைக்குச் சாட்சி சொல்லப்போவது அவைதான்.

இனி அவன் சொன்னதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். கடன் பாக்கிக்காகச் சம்மனைக் கொண்டு வந்துகொண்டிருக்கிறேன், வராமல் நிறுத்த வேண்டுமானால் பணம் கட்ட வேண்டும் என்றானாம். கயலு, சம்மன் கொண்டுபோகிறவனுக்கான செலவைக் கட்டுவது வழக்குப் போட்ட வாதி. அதற்குப் பேட்டா என்று பேர். வாதி பேட்டா கட்டவில்லை என்றால் சம்மன் கோர்ட்டை விட்டே கிளம்பாது. பேட்டா கட்டாததற்காகவே வாய்தா போன கட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வாங்கிக்கொள்கிற பிரதிவாதி ஒரு காசு கொடுக்க வேண்டியதில்லை. எங்கள் ஆட்களில் டீக் காசு என்று கை நீட்டியவர்கள் இருந்தார்கள். அது தப்பு, அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். ஆனாலும் கடன் தொகையை என்னிடமே கட்டிவிடு, வழக்கை முடித்துவிடுகிறேன் என்று எந்த அமீனாவாலும் சொல்ல முடியாது. வழக்கை முடிக்கிற அதிகாரம் அவன் கையில் இல்லை. அவன் கையில் இருப்பது ஒரு காகிதம். அதைக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எப்படிக் கொடுத்தேன் என்று பின்னால் எழுதிக் கோர்ட்டுக்குத் திருப்ப வேண்டும். அவ்வளவுதான் அவன் வேலை.

அந்தக் காகிதத்தில் என்ன இருக்கும் தெரியுமா? எந்தக் கோர்ட், வழக்கு எண் என்ன, வாதி யார், நீ எந்தத் தேதியில் ஆஜராக வேண்டும், எல்லாம் இருக்கும். சிவில் வழக்கானால் பிராதின் நகலும் கூடவே இருக்கும். உன்மேல் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்பதை நீ முழுதாகப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே அந்த நகல். பதில் எழுத முப்பது நாள் தருகிறது சட்டம். போதவில்லை என்றால் காரணம் சொல்லித் தொண்ணூறு நாள் வரை கேட்கலாம். உன்னிடம் பேசியவன் எவ்வளவு நேரம் கொடுத்தான்? நாற்பது நிமிஷம். போனையும் வைக்கக் கூடாது என்றான். சம்மன் என்ற சொல்லுக்கே, வா, உன் பக்கத்தையும் சொல் என்றுதான் பொருள். உன்னைப் பேசவிடாமல் செய்வதற்கு அதே சொல்லை அவன் எடுத்துக்கொண்டான்.

ராத்திரி பத்து மணிக்குப் போலீஸோடு ஹாஸ்டலுக்கு வந்து வார்டன் முன்னாடி கைது செய்வேன் என்றான் அல்லவா? பணம் கட்டச் சொல்லித் தீர்ப்பாகி, நிறைவேற்று மனுப் போட்டு, வாரண்டே வாங்கி வந்திருந்தாலும் சூரியன் மறைந்த பிறகு குடியிருக்கிற வீட்டுக்குள் நாங்கள் நுழையக் கூடாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. 1908-ஆம் வருஷத்துச் சட்டம். அதன் 56-ஆம் பிரிவு, பணக் கடனுக்கான தீர்ப்பை நிறைவேற்ற ஒரு பெண்ணைக் கைது செய்யவே கூடாது என்கிறது. இதை நீ மனப்பாடம் செய்துகொள். ஆண்களையும் எடுத்தவுடன் பிடித்துவிட முடியாது. 1980-இல் உச்ச நீதிமன்றம், கட்ட வழியில்லாதவனைக் கடன் பாக்கிக்காகவே சிறையில் போடுவது சரியல்ல, வசதி இருந்தும் ஏமாற்றுகிறவன்தான் அதற்குரியவன் என்று தீர்ப்புச் சொன்னது. சிறைக்கு அனுப்பினாலும் அவன் சாப்பாட்டுச் செலவைக் கடன் கொடுத்தவர்தான் கட்ட வேண்டும். அந்தப் படிப்பணத்தைக் கட்ட மனமில்லாமல் மனுவை விட்டுவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும்.

நாளைக்கே சம்பளத்தை முடக்குவேன் என்றதும் அப்படித்தான். தீர்ப்பு வந்த பிறகுகூடச் சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. இதே சட்டத்தில் ஜப்தி செய்யக் கூடாத பொருள்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. உடுத்தும் துணி, சமைக்கிற பாத்திரம், படுக்கை, பெண்ணின் கழுத்திலிருந்து கழற்றக் கூடாத தாலி, கைத்தொழில் செய்கிறவனுடைய கருவி, எல்லாம் அதில் இருக்கின்றன.

கருவி என்று எழுதியதும் ஒருவர் நினைவு வருகிறது. உன் அப்பாவிடம்கூட இதை நான் சொன்னதில்லை.

1994 என்று நினைவு. திருபுவனம் பக்கம் ஒரு பட்டு நெசவாளி. புரோநோட்டுக் கடன், நாலாயிரம் ரூபாய். சம்மன் கொடுக்க மூன்று தடவை போனேன். தெருமுனையில் என் சைக்கிள் மணி கேட்டதுமே தறிச் சத்தம் நின்றுவிடும். "அவரு வெளியூரு போயிருக்காரு" என்பார் அந்த அம்மா. உள்ளே பரணில் ஆள் இருப்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மூன்றாம் தடவை, பக்கத்து வீட்டுக்காரரைச் சாட்சி வைத்துக் கதவில் ஒட்டிவிட்டு வந்தேன். விதி அதுதான். அவர் கோர்ட்டுக்கு வரவில்லை. அவர் இல்லாமலே எக்ஸ்பார்ட்டித் தீர்ப்பாகிவிட்டது.

அடுத்த வருஷம் ஜப்தி வாரண்டோடு போனபோது அந்த மனிதர் தறியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். தறியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று எவனோ சொல்லியிருக்கிறான். அந்தப் பயத்தில்தான் அத்தனை நாளும் பரணில் ஒளிந்திருந்தார். "ஐயா, தறி உங்க தொழில் கருவி, அதைத் தொட எனக்கு அதிகாரமே இல்லை" என்றேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு கட்டுத் துண்டுச் சீட்டை எடுத்து வந்தார். கடனை அவர் அடைத்திருந்தார், கயல். புரோநோட்டை மட்டும் திருப்பி வாங்காமல் விட்டுவிட்டார். சம்மன் வந்த அன்றைக்கு அந்தச் சீட்டுகளோடு கோர்ட்டுக்கு வந்திருந்தால் வழக்கே நின்றிருக்காது. பிறகு வக்கீல் வைத்து, தாமதத்துக்குக் காரணம் சொல்லி மனுப் போட்டுப் பார்த்தார். எடுபடவில்லை. ஒரே கடனை இரண்டு தடவை கட்டினார்.

சம்மன் நகலை வைத்துக்கொண்டு அந்தத் திண்ணையில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, "அம்மா, இது கைது இல்லை, கூப்பிடுகிறார்கள், போய்ப் பதில் சொல்லச் சொல்லுங்கள்" என்று விளக்கியிருக்கலாம். நான் செய்யவில்லை. அடுத்த ஊருக்குப் போகிற அவசரம். அமீனா வாசலில் நின்றாலே மானம் போச்சு என்று ஊர் நடுங்கியது. அந்த நடுக்கம் எங்கள் வேலையைச் சுலபமாக்கியதால் நாங்களும் விட்டுவிட்டோம். உன்னிடம் பேசியவன் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. நாங்கள் வளரவிட்ட பயத்தைத்தான் அவன் காசாக்குகிறான். நேற்று என்னால் பேச முடியாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

அப்பா பேர், ஊர், பான் எண் எல்லாம் சரியாகச் சொன்னானே என்று கேட்டாய். போன வருஷம் செல்போன் வாங்க ஏதோ ஒரு ஆப்பில் கடன் கேட்டதாகவும், காண்டாக்ட்ஸ் எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்ததாகவும் நீயே சொன்னாய். அப்படிக் கொடுத்த விவரம் எந்தெந்தக் கைக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2021-இல் இந்தியர்களைக் குறிவைத்த சுமார் 1,100 கடன் ஆப்புகளைக் கணக்கெடுத்தபோது, அதில் 600 சட்டவிரோதமானவை. போனிலிருக்கும் எண்களையும் படங்களையும் கடன் ஆப் தொடக் கூடாது என்று 2022-இல் விதியே வந்துவிட்டது. ஆகவே ஒருவனுக்கு உன் விவரம் தெரிந்திருக்கிறது என்பதால் அவன் கோர்ட் ஆள் ஆகிவிடமாட்டான். அப்படி அனுமதி கேட்கிற ஆப்பை இன்றைக்கே நீக்கிவிடு.

உண்மையிலேயே உனக்கு ஒரு தவணை பாக்கி இருந்தது. அதனால்தான் நம்பினாய். அதை மறைக்க வேண்டாம். வாங்கிய கடனைக் கட்டத்தான் வேண்டும். ஆனால் எங்கே கட்டுவது? கடன் கொடுத்த நிறுவனத்தின் கணக்குக்கு, அவர்களுடைய சொந்த ஆப்பிலோ கிளையிலோதான். ஏதோ ஒரு தனி மனிதர் பேரில் வருகிற யூபிஐ-க்கு அல்ல. நிஜமான வசூல் ஏஜெண்டும் காலை எட்டு மணிக்கு முன்னாலும் மாலை ஏழு மணிக்குப் பின்னாலும் உன்னைக் கூப்பிடக் கூடாது. உன் நண்பர்களிடமும் வீட்டாரிடமும் சொல்லி அவமானப்படுத்தக் கூடாது. நேரில் வந்தால் அடையாள அட்டையும் அந்த நிறுவனம் கொடுத்த அதிகாரக் கடிதமும் காட்ட வேண்டும். உன்னைக் கூப்பிட்டது ராத்திரி எட்டு நாற்பதுக்கு. உன் பேரில் என்னென்ன கடன் இருக்கிறது என்று காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டை வருஷத்துக்கு ஒரு தடவை இலவசமாக வாங்கலாம். அதை வாங்கிப் பார். நீ வாங்காத கடன் ஏதாவது அதில் இருந்தால் உடனே எனக்குச் சொல்.

இப்போது சம்மன் மின்னணு வழியிலும் வரலாம் என்று 2024 ஜூலையில் அமலான புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. அதனால் போனில் வந்ததெல்லாம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். அப்படி வந்தால் அதில் கோர்ட் முத்திரையின் உருவமோ டிஜிட்டல் கையெழுத்தோ இருக்க வேண்டும். முத்திரையைப் படமாக ஒட்டவும் இவர்களுக்குத் தெரியும், ஆகவே அதோடும் விட்டுவிடாதே. இ-கோர்ட்ஸ் ஆப்பில் வழக்கின் பதினாறு இலக்க சிஎன்ஆர் எண்ணைப் போட்டுப் பார். எண் தெரியாவிட்டால் உன் பேரைப் போட்டுத் தேடு. நேற்றே நான் தேடினேன். நீ சொன்ன கோர்ட்டில் உன் பேரில் எதுவும் இல்லை. விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் போலீஸ் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. வீடியோவில் உட்காரவைத்து, கைது செய்துவிட்டேன், நகராதே என்கிற டிஜிட்டல் அரெஸ்ட் எந்தச் சட்டத்திலும் கிடையாது.

அவர்கள் மறுபடியும் கூப்பிடுவார்கள். ஒரு தடவை கொடுத்த எண்ணை விடமாட்டார்கள். இந்தத் தடவை, போன பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று வேறு குரல் வரலாம். முதலில் மிரட்டியவனைவிட, பிறகு வந்து "என் பொண்ணு மாதிரி இருக்கீங்க, நான் முடிச்சுத் தரேன்" என்று கனிவாகப் பேசிய, வக்கீல் என்று சொல்லிக்கொண்டவன்தான் உன்னிடம் பணத்தை வாங்கினான். அதை மறக்காதே. யார் கூப்பிட்டாலும், "எந்தக் கோர்ட், வழக்கு எண் என்ன? காகிதத்தைக் கொண்டு வந்து கொடுங்க, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வை. சந்தேகம் தீரவில்லை என்றால் 15100-க்குப் போன் செய். சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் எண். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். 1987-ஆம் வருஷச் சட்டம் கொடுத்த உரிமை அது, யாருடைய தயவும் இல்லை.

மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல், சாப்பிடாமல் இருந்திருக்கிறாய். என்னைப் போய் யாராவது ஏமாற்ற முடியுமா என்று இருந்தேன் சித்தப்பா என்றாய். அந்த நெசவாளியும் கெட்டிக்காரர்தான். அவர் நெய்த புடவையைக் கட்டிக்கொண்டு எத்தனையோ பெண்கள் மணவறையில் உட்கார்ந்தார்கள். பயம் வந்ததும் அவர் செய்தது ஒளிந்துகொண்டது. நீ செய்தது பணம் அனுப்பியது. இரண்டு பேரும் பக்கத்தில் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அடுத்த தடவை அந்த நாற்பது நிமிஷத்தில் என்னைக் கூப்பிடு. நடுராத்திரியானாலும் எடுப்பேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி வந்துவிடு. வங்கிப் பாஸ்புத்தகம், 1930 புகார் எண், போனில் இருக்கிற மெசேஜ்களின் பிரிண்ட் இரண்டு செட், அந்த ஆப்பில் கடன் கேட்டபோது வந்த மெயில், இத்தனையும் எடுத்து வா. சனிக்கிழமை காலையில் உட்கார்ந்து பாக்கித் தவணைக்கு அந்த நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுவோம். அப்பாவிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. நீயே சொல்கிறாயா, நான் கூட இருக்கட்டுமா என்று மட்டும் எழுது.

அன்புடன்,
உன் சித்தப்பா