தோட்டத்துக் களிமண்ணில் பழைய கடலைத் தேடுவது எப்படி?

புக்கிட் பெலிம்பிங் செம்பனைத் தோட்டங்களைத் தாங்கும் கோலசிலாங்கூர்ச் சமவெளி, பெரும்பாலும் கடல் படியவைத்த களிமண். சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் இக்கரையில் கடல்மட்டம் இன்றைவிடச் சில மீட்டர் உயர்ந்திருந்தது. அதற்குத் தடயம் டையாட்டம். இந்த ஒருசெல் பாசி, நீரில் கரைந்த சிலிக்காவை எடுத்துத் தன்னைச் சுற்றிக் கண்ணாடி ஓடு கட்டிக்கொள்ளும். அந்த ஓட்டைக் களிமண்ணில் தேடப் பள்ளிக்கூட நுண்நோக்கியே போதும். ஆனால் சிலிக்கா கிடைத்தாலே கடல் இருந்தது என்று ஆகிவிடாது. அதன் வடிவம்தான் சாட்சி. எனவே வடிவம் கெடாமல் பிரித்தெடுப்பதே இந்த வேலையின் சூட்சுமம்.

படி 1: மண் எடுத்தல். வாய்க்காலின் அடிச்சேறு வேண்டாம். மழையும் கடலேற்றமும் நேற்றுக் கொண்டுவந்தவை அதில் கலந்திருக்கும். புதிதாக வெட்டிய கரையின் கீழ்ப்பகுதியில், ஒரு விரல் கனத்துக்குச் சுரண்டித் தள்ளிவிட்டு, உள்ளிருக்கும் சாம்பல்நிறக் களியில் ஒரு தேக்கரண்டி எடுங்கள். ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: கழுவுதல். களியை வினிகரில் ஊறவையுங்கள். கெராங் சிப்பியின் ஓட்டுத் துணுக்குகள் நுரைத்துக் கரையும். சிலிக்காவை வினிகர் தொடாது. பிறகு பலமுறை நீர் மாற்றி வினிகரை முற்றிலும் நீக்குங்கள். அடுத்து வரும் மருந்துடன் அது கலக்கக்கூடாது. மருந்தகத்தில் விற்கும் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றி, மூடி போடாமல் சில நாள் விட்டால் மக்கிய வேர்த்துகள் வெளுத்துக் குறையும்.

படி 3: தெளியவைத்தல். 10 செ.மீ. உயர நீரில் கலக்கி அரை நிமிடம் பொறுத்தால் மணல் அடியில் தங்கும். மேல்நீரை வேறு குவளைக்கு மாற்றி, எட்டு மணி நேரம் கழித்து, கலங்கல் நீரை மட்டும் மெல்லக் கொட்டுங்கள். நீர் தெளியும்வரை திரும்பச் செய்யுங்கள். அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் நுண்களி போகாவிட்டால் எதுவும் தெரியாது.

படி 4: பார்த்தல். அடிவண்டலில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் நன்றாக உலரவிடுங்கள். ஈரத்தில் ஓடு கண்ணுக்குத் தப்பிவிடும். காற்றில் அதன் வேலைப்பாடு துலங்கும். 400 மடங்கில், தேன்கூட்டு அறைகள் நெருக்கமாய்ப் பதிந்த வட்டத்தட்டு தெரிந்தால் அது காசினோடிஸ்கஸ் வகையாக இருக்கலாம்; பெரும்பாலும் கடலுக்கு உரியது. ஒன்றிரண்டு போதாது, பல வேண்டும்.

மணலும் சிலிக்காதானே என்று கேட்கலாம். பழைய கால்குலேட்டர் திரையின் முனைவாக்கத் தாள்கள் இரண்டைக் குறுக்காக வைத்து நடுவே தகட்டைச் சுழற்றுங்கள்: மணல் துகள் மின்னும், டையாட்டம் இருண்டே இருக்கும். ஆனால் இருண்டதெல்லாம் கடலுடையதும் அல்ல. செம்பனையே தன் திசுக்களில் முள் முளைத்த சிலிக்கா உருண்டைகளை உண்டாக்குகிறது. ஆற்றுநீரிலும் டையாட்டம் உண்டு. எதுவுமே கிடைக்காவிட்டாலும் கடல் வரவில்லை என்று முடிவு கட்ட முடியாது, ஏனெனில் இந்த ஓடுகள் மண்ணீரில் மெல்லக் கரைபவை. காலம் போகப்போக இச்சிலிக்கா மணலைப் போன்ற குவார்ட்ஸாகவே மாறிவிடும். கெடாவின் செமாங்கோல் பாறைகள் 20 கோடி ஆண்டுகளுக்கும் பழையவை. அவற்றிலுள்ள சிலிக்கா, ரேடியோலேரியா என்னும் கடல் நுண்ணுயிரியின் ஓடு என்று சொல்ல எஞ்சியிருப்பது வடிவம் ஒன்றே.