காட்டுக்குள் நடக்கப் போகிறீர்களா?

1. முதல் வேலை அனுமதி. வனத்துறையின் மலையேற்றத் தடங்களுக்கு 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் பதிவு செய்யலாம். 2024 அக்டோபரில் 40 தடங்களோடு தொடங்கிய திட்டம் இது. "யாருக்கும் தெரியாத வழி இருக்கு, வாங்க" என்று யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

2. நீலகிரிக்குச் சொந்த வண்டியில் போனால் இ-பாஸ் கட்டாயம். முதுமலை வழியாகச் செல்லும் கூடலூர்–மைசூர் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. அதற்கேற்ப வீட்டிலிருந்து கிளம்புங்கள்.

3. காக்கி, மண் நிறம், மங்கிய பச்சை உடைகள் நல்லது. சென்ட் வேண்டவே வேண்டாம், மலைத்தேனீக்கள் அந்த வாசனைக்குச் சீறி வரலாம். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. முதுமலைக் காட்டில் உண்ணிச்செடிப் புதர்கள் ஆள் உயரத்துக்கு மேல் மண்டிக் கிடக்கும். பத்தடி தூரத்தில் யானை நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் காதும் மூக்கும்தான் துணை. ஆவி பறக்கும் லத்தி, அப்போதுதான் ஒடித்த மூங்கில், கிளை முறியும் சத்தம் இவற்றில் ஒன்று தென்பட்டாலும் பேச்சை நிறுத்திவிட்டு வழிகாட்டி சொல்வதைக் கேளுங்கள். அவர் பெரும்பாலும் அந்தக் காட்டிலேயே வளர்ந்த இருளரோ குறும்பரோ காட்டுநாயக்கரோ ஆக இருப்பார். அவர் திரும்பிப் போகச் சொன்னால், காசு கொடுத்து வந்தோமே என்று வாதாடக் கூடாது. செல்ஃபிக்காக ஓரடி கூட முன்னே போகாதீர்கள்.

5. குரங்குக்கும் மானுக்கும் தீனி போடாதீர்கள். பழகிய குரங்கு அடுத்து வரும் குழந்தையின் கையிலிருந்து பிடுங்கும்.

6. மழைக்காலத்தில் அட்டை கடிக்கும். பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகி, மேலே மூக்குப்பொடியோ உப்போ தடவுங்கள். ஒட்டிக்கொண்டால் பிய்த்து இழுக்காமல், வாய்ப்பக்கம் நகத்தை நுழைத்துத் தள்ளினால் விழுந்துவிடும். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் கொஞ்ச நேரம் கசியும். சுத்தத் துணியால் அழுத்திப் பிடியுங்கள், பயப்பட ஒன்றுமில்லை.

7. தீப்பெட்டி, பீடி, சிகரெட் எதுவும் பையில் இருக்கக் கூடாது. 2018 மார்ச்சில் தேனி குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் பரவிய தீ, மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. பெரும்பாலும் இளைஞர்கள், இன்னும் மனசு ஆறவில்லை. தீ மேட்டை நோக்கி வேகமாக ஏறும். அதனால் புகை கண்டால் மேலே ஓடாதீர்கள். பக்கவாட்டில் விலகி, புல் இல்லாத பாறைப்பரப்புக்கோ ஓடைக்கோ போங்கள். கோடையில் தடத்தை மூடினால் அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.

8. பாம்பு கடித்தால் கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட காலை அசைக்காமல் ஆளைத் தூக்கி வந்து, 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் முன்பே எழுதிக் கொடுங்கள்.

9. திரும்பியதும் உடைகளை வெந்நீரில் ஊறவைத்து, அக்குள், முட்டிக்குப் பின்புறம், காதுமடல் ஓரம் எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முள்வாங்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். சில நாட்களில் காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போனதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.